சீஸ் விழுந்து ஒரு சாவு, ஒயின் பாட்டிலால் ஒரு சாவு... 'மிட்சமர் மர்டர்ஸ்' ஊருக்குள் யாருக்கெல்லாம் இடம் உண்டு?

சீஸ் விழுந்து யாராவது செத்துப்போவாங்களா? மிட்சமர்ல சாவாங்க.

2013-ல் வெளியான ஒரு எபிசோடில், பண்ணை ஒன்றில் வேலை பார்க்கும் பெண்ணை வண்டிச் சக்கரம் சைஸில் இருக்கும் சீஸ் கட்டியால் கொன்றுவிடுகிறார்கள். அதற்கு எட்டு வருடம் முன்னால் வந்த ஒரு எபிசோடில், பணக்கார மனிதர் ஒருவரைப் புல்தரையோடு சேர்த்து இரும்பு வளையங்களால் அடித்து இறுக்கிவிட்டு, பழங்காலக் கவண் இயந்திரம் ஒன்றில் ஒயின் பாட்டில்களை வைத்துக் குறிபார்த்து எறிகிறார்கள். இன்னொன்றில் முழங்கால் உயரத்துக்கு வீடுகள் கட்டிய பொம்மைக் கிராமத்தின் நடுவில், கலிவர் மாதிரி கட்டிப்போட்ட நிலையில் ஒரு பிணம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு 'ஏதோ டார்க் காமெடி வெப் சீரிஸ்போல' என்று நினைத்தால், இல்லை. இது பிரிட்டனின் ஐ.டி.வி சேனலில் 1997-லிருந்து வந்துகொண்டிருக்கும் 'மிட்சமர் மர்டர்ஸ்'. வார இறுதியில் குடும்பமாக உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே பார்க்கிற தொடர். 200-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கும் பகுதிகளுக்கும் விற்கப்பட்டிருக்கிறது. உங்களில் பலர் பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்தது. எட்டு எபிசோடை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு "அடுத்த சீசன் எப்ப?" என்று கேட்கிற நமக்கு, ஒரு தொடர் கால் நூற்றாண்டைத் தாண்டி ஓடுவது எப்படி என்பதே சுவாரஸ்யமான கேள்வி. ஆனால் நான் இதைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் கொல்லலாம். ஆனால், ரொம்ப காலத்துக்கு நம்மைப்போன்ற தோல் நிறம் உள்ள ஒருவர் பக்கத்து வீட்டில் குடியிருக்க முடியாது. அந்தக் கதைக்கு வருகிறேன். முதலில் ஊரைச் சுற்றிப் பார்த்துவிடலாம்.

ஒரு பாட்டி, ஒரு ஆர்க்கிட் பூ

எல்லாம் கரோலைன் கிரஹாம் என்ற எழுத்தாளரிடம் ஆரம்பிக்கிறது. 1987-ல் அவர் எழுதிய 'தி கில்லிங்ஸ் அட் பேட்ஜர்ஸ் ட்ரிஃப்ட்' நாவலில்தான் டிடெக்டிவ் சீஃப் இன்ஸ்பெக்டர் பார்னபி முதன்முதலில் வருகிறார். கிரஹாம் இந்த வரிசையில் எழுதியது மொத்தமே ஏழு நாவல். அதில் ஐந்துதான் தொடரானது. மீதி எல்லாம் டி.வி-க்காகவே எழுதப்பட்ட கதைகள்.

பிரையன் ட்ரூ-மே, பெட்டி வில்லிங்கேல் என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் இந்த நாவல்களைக் கையில் எடுத்தார்கள். நேரம் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டை மையமாக வைத்து ஐ.டி.வி எடுத்த 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' 1987-லிருந்து பெரிய ஹிட். ஒரு கேஸுக்கு விளம்பரத்தோடு சேர்த்து இரண்டு மணி நேரம், கிட்டத்தட்ட ஒரு சினிமா நீளம் என்ற பழக்கத்தைப் பார்வையாளர்களுக்கு ஏற்படுத்தியதே அந்தத் தொடர்தான். அதன் வழக்கமான சீசன்கள் 1993-ல் முடிந்துபோய், அவ்வப்போது ஸ்பெஷல் எபிசோடுகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அந்த இரண்டு மணி நேரத்தை நிரப்ப இன்னொரு துப்பறிவாளருக்கு இடம் காலியாக இருந்தது.

முதல் கதைக்குத் திரைக்கதை எழுதியவர் ஆன்டனி ஹோரோவிட்ஸ். 'அலெக்ஸ் ரைடர்' புத்தகங்கள் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், அவரேதான். 1997 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு அது ஒளிபரப்பானது. அரிதான ஆர்க்கிட் பூ ஒன்றைத் தேடிக் காட்டுக்குள் போகிற ஒரு வயதான டீச்சரம்மா, பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டிலேயே பிணமாகக் கிடக்கிறார். எல்லோரும் இயற்கை மரணம் என்கிறார்கள். அவருடைய தோழி மட்டும் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "இல்லவே இல்ல" என்று அடம்பிடிக்கிறார். முடிவைச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அமைதியான கிராமத்துக்குள் ஒளிந்திருக்கும் விஷயம், இன்றைய ஓ.டி.டி தரத்துக்கும் கொஞ்சம் திடுக்கிட வைப்பதுதான். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அன்று பார்த்தார்கள்.

நாவலுக்கும் தொடருக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பார்னபியின் உதவியாளர் சார்ஜென்ட் ட்ராய், தொடரில் அவசரக்குடுக்கையான, கார் ஓட்டத் தெரியாத, ஆனால் நல்ல பையன். நாவலில் அவர் அப்படியில்லை. தன்பாலின ஈர்ப்பாளர்களைக் கேவலமாகப் பேசுகிற, கல்யாணமாகியும் அலைபாய்கிற, சிடுசிடுப்பான ஆள். கிரஹாம் எழுதிய இங்கிலாந்தில் கசப்பு அதிகம். டி.வி அதில் சர்க்கரை கலந்தது. பின்னால் வரப்போகிற சண்டையைப் புரிந்துகொள்ள இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிற போலீஸ்

துப்பறிவாளர் என்றால் நமக்கு ஒரு டெம்ப்ளேட் இருக்கிறது. டைவர்ஸ் ஆகியிருக்கும், குடிப்பார், தூக்கம் வராது, பழைய கேஸ் ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கும். மோர்ஸும் தனிக்கட்டைதான். பீர், ஓபரா, குறுக்கெழுத்துப் புதிர், இவ்வளவுதான் அவர் உலகம்.

டாம் பார்னபிக்கு இதெல்லாம் எதுவும் கிடையாது. ஜாய்ஸ் என்று ஒரு மனைவி, கல்லி என்று ஒரு மகள். மனைவிக்குச் சமையல் வராது. அதை வெளியே சொல்லாமல் சாப்பிட்டுவிடுகிற கணவர். ஜாய்ஸ் பாட்டுக் குழு, ஓவிய வகுப்பு, நாடகம் என்று எதிலாவது சேர்ந்துகொண்டே இருப்பார். அவர் சேர்கிற இடத்திலெல்லாம் பிணம் விழும். (எனக்கு ரொம்ப நாளாகவே ஜாய்ஸ் மீதுதான் சந்தேகம்.)

பார்னபியாக நடித்தவர் ஜான் நெட்டில்ஸ். ஜெர்சி தீவில் நடக்கும் 'பெர்ஜரக்' என்ற போலீஸ் தொடரில் எண்பதுகள் முழுக்க நடித்துப் பிரபலமானவர். இதில் அவர் நடிப்பே ஒரு புருவத்தைத் தூக்குவதிலும், ஒரு சின்ன பெருமூச்சிலும்தான் இருக்கும். ஊரே விசித்திரமாக நடந்துகொள்ளும்போது, நடுவில் ஒரே ஒரு ஆள் நிதானமாக நிற்பார். அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஊருக்குள் நடக்கலாம். அவர் இல்லாமல் அந்தச் சீஸையும் கவணையும் யாரும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இசையும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஜிம் பார்க்கர் போட்ட டைட்டில் இசை ஒரு வால்ட்ஸ். கேட்க நடனம் மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு மேலே ஒரு பேய் முனகுவதுபோல ஒரு சத்தம் இழையும். அது மனிதக் குரல் இல்லை, தெரமின். ஒரு ரஷ்ய விஞ்ஞானி சுமார் நூறு வருடத்துக்கு முன் கண்டுபிடித்த மின்னணு வாத்தியம். அதைத் தொடாமலேயே, காற்றில் கையை அசைத்தே வாசிப்பார்கள். கண்ணை மூடி ஒரு தடவை கேளுங்கள். தொடர் மொத்தமும் அதில் இருக்கிறது. அழகாக இருக்கும், ஆனால் எதுவோ சரியில்லை என்று தோன்றும்.

இல்லாத மாவட்டம், இருக்கிற ஊர்கள்

மிட்சமர் என்ற மாவட்டம் வரைபடத்தில் கிடையாது. தொடரில் பார்க்கிற ஊர்கள் பெரும்பாலும் ஆக்ஸ்ஃபோர்டுஷயர், பக்கிங்ஹாம்ஷயர் பகுதிகளில் இருப்பவை. லண்டனிலிருந்து காரில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். கூரை வேய்ந்த வீடு, முன்னால் ரோஜாத் தோட்டம், ஊருக்கு நடுவில் கிரிக்கெட் விளையாடும் புல்வெளி, கல்லறைத் தோட்டத்தோடு ஒரு பழைய சர்ச், எதிரில் ஒரு பப். ஒரே சட்டகத்தில் எல்லாம் வந்துவிடும்.

மாவட்டத்தின் தலைநகரான காஸ்டனாகக் காட்டப்படுவது தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் வாலிங்ஃபோர்டு. இதில் ஒரு அழகான விஷயம். அகதா கிறிஸ்டி பல வருடம் வாழ்ந்து, 1976-ல் இறந்தது இதே ஊரில்தான். அவரைப் புதைத்தது பக்கத்து ஊரான சோல்சியில். ஆங்கிலக் கிராமத்துக் கொலை என்ற சமாசாரத்தையே உலகத்துக்குப் பழக்கப்படுத்தியவரின் வாசலிலேயே போய் ஷூட்டிங் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊர்களுக்குள் கதை எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஏதாவது ஒரு சங்கம் இருக்கும். சர்ச் மணி அடிக்கிற குழு, எழுத்தாளர் வட்டம், ஆர்க்கிட் வளர்ப்போர், கிரிக்கெட் டீம், நாடக மன்றம். நாடக மன்றக் கதையில் மேடையில் சவரக் கத்தியால் கழுத்தை அறுத்துக்கொள்வதுபோல் நடிக்க வேண்டும். கத்தி முனையில் டேப் ஒட்டியிருப்பார்கள். யாரோ அந்த டேப்பை எடுத்துவிடுகிறார்கள். ஆடியன்ஸ் கண் முன்னாலேயே நிஜமாக ரத்தம். மிட்சமரில் எனக்கு ரொம்பப் பிடித்த கொலை (இப்படி ஒரு வாக்கியத்தை எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை) இதுதான்.

சின்ன ஊர், சின்ன சங்கம், அதில் யார் செயலாளர் ஆவது என்பதற்காக இருபது வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு பேர். நம் அபார்ட்மென்ட் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்களுக்கு இந்த வன்மம் புரியும். கொலை செய்யும் முறைதான் அபத்தமாக இருக்கும். கொலைக்கான காரணம் எப்போதுமே பழசு. சொத்து, அவமானம், மறைத்து வைத்த பிள்ளை, யாரும் மன்னிப்பு கேட்காத ஒரு தப்பு.

இவரும் இதுல இருந்தாரா?

பழைய எபிசோடுகளைப் பார்ப்பதில் தனி சுகம் ஒன்று உண்டு. திடீரென்று தெரிந்த முகம் வரும். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வெளியாவதற்கு முன், 2000-ல் ஆர்லாண்டோ ப்ளூம் இங்கே வந்து வைக்கோல் வாரும் கவைக்கோலால் குத்துப்பட்டுச் செத்திருக்கிறார். சூப்பர்மேன் ஆவதற்குப் பத்து வருடம் முன் ஹென்றி கேவில் வந்திருக்கிறார். பிற்பாடு ஆஸ்கர் வாங்கிய ஒலிவியா கோல்மன், மேலே சொன்ன பொம்மைக் கிராமத்து எபிசோடில் இருக்கிறார். 'போஹிமியன் ராப்சடி' படத்தில் கிட்டாரிஸ்ட் பிரையன் மே-வாக நடித்த க்விலிம் லீ, இந்தத் தொடரில் கொஞ்ச காலம் சார்ஜென்ட்டாக வேலை பார்த்தவர்தான்.

நெட்டில்ஸ் 81 எபிசோடுகளுக்குப் பிறகு 2011 பிப்ரவரியில் விடைபெற்றார். எபிசோடுக்குக் குறைந்தது இரண்டு பிணம் என்று வைத்தாலே எத்தனை என்று கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். விலகிய பிறகு அவர் செய்தது இன்னும் சுவாரஸ்யம். ஜெர்சி உள்ளிட்ட சேனல் தீவுகளை இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த வரலாற்றை ஆராய்ச்சி செய்து புத்தகம் எழுதினார்.

ஹீரோ போய்விட்டார், இப்போது என்ன செய்வது? ஜான் பார்னபி என்ற பெயரில் அவருடைய சித்தப்பா-பெரியப்பா வழி உறவுக்காரர் ஒருவரைக் கொண்டு வந்தார்கள். நடித்தவர் நீல் டட்ஜன். அதே குடும்பப் பெயர் எதற்கு என்று கேட்டால், ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, டென்மார்க்கில் இந்தத் தொடரின் பெயரே 'இன்ஸ்பெக்டர் பார்னபி' என்கிற மாதிரிதான் இருக்கிறது. வேறு பெயரில் ஒருவர் வந்திருந்தால் அங்கெல்லாம் தலைப்பையே மாற்ற வேண்டியிருந்திருக்கும்! டட்ஜன் 2000-ல் வந்த ஒரு எபிசோடில் தோட்டக்காரராகவும் நடித்திருக்கிறார். அதை யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

வெளிநாட்டுப் பார்வையாளர்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சாட்சி, 2014-ல் வந்த நூறாவது எபிசோடு. டென்மார்க்கின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான டி.ஆரோடு சேர்ந்து தயாரித்து, பார்னபியை கோபன்ஹேகனுக்கே அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயம் உலகமே டேனிஷ் க்ரைம் தொடர்களைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. மழை, இருட்டு, சோகமான டிடெக்டிவ். டேனிஷ்காரர்களோ, ரோஜாத் தோட்டத்துக் கொலைகளை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன்.

'அப்புறம் அது ஆங்கிலக் கிராமமா இருக்காது'

2011 மார்ச். புது பார்னபியின் முதல் எபிசோடு வர இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. தொடரை ஆரம்பத்திலிருந்து தயாரித்துவந்த பிரையன் ட்ரூ-மே, 'ரேடியோ டைம்ஸ்' பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். தொடரில் ஏன் சிறுபான்மை இனத்தவர் யாரும் இல்லை என்ற பேச்சு வந்தது. அவர்கள் வந்தால் அது ஆங்கிலக் கிராமமாக இருக்காது, சரிப்பட்டு வராது என்றார். ஆங்கிலத்தன்மையின் கடைசிக் கோட்டை நாங்கள்தான், அதை அப்படியே வைத்துக்கொள்ள விரும்புகிறேன் என்றும் சொன்னார். போகிறபோக்கில் ஸ்லோ நகரத்தையும் இழுத்தார். அங்கே போனால் ஒரு வெள்ளை முகத்தைக்கூடப் பார்க்க முடியாது என்றார்.

ஸ்லோ, படப்பிடிப்பு நடக்கும் கிராமங்களிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். பஞ்சாபிகளும் பாகிஸ்தானியர்களும் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். வெள்ளையர்களும் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர் சொன்னது உண்மையே இல்லை.

ஐ.டி.வி அதிர்ச்சி தெரிவித்தது. தயாரிப்பு நிறுவனத்தின் உரிமையாளரான ஆல்3மீடியா அவரை சஸ்பெண்ட் செய்து விசாரித்தது. மன்னிப்பு கேட்டார், திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார், அந்த சீசன் வேலைகளோடு விலகினார். புது பார்னபியின் முதல் எபிசோடு மார்ச் 23 அன்று வந்தது. பேட்ஜர்ஸ் ட்ரிஃப்ட் ஒளிபரப்பாகிச் சரியாக 14 வருடம்.

அவரை ஆதரித்தவர்களும் குறைவில்லை. அவர்கள் சொன்ன வாதம் ஒன்றுதான். "உண்மையிலேயே இங்கிலாந்துக் கிராமங்களில் பெரும்பாலும் வெள்ளையர்கள்தானே இருக்காங்க? உள்ளதைத்தானே காட்டுறாங்க?"

முதல் பாதி சரி. கிராமப்புற இங்கிலாந்தில் வெள்ளையர்கள்தான் மிகப் பெரும்பான்மை. ஆனால் 'உள்ளதைக் காட்டுறாங்க' என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. கவணில் ஒயின் பாட்டில் எறிகிற ஊர் இது. வாரத்துக்கு மூன்று கொலை நடந்தும் வீட்டு விலை குறையாத ஊர். மற்ற எதிலுமே யதார்த்தத்தைக் கேட்காதவர்கள், ஒரு டாக்டரின் தோல் நிறத்தில் மட்டும் யதார்த்தம் கேட்கிறார்கள். அப்படியென்றால் அது யதார்த்தம் பற்றிய பேச்சு இல்லை. எதைக் கற்பனை செய்ய மனது ஒப்புகிறது, எதற்கு ஒப்பவில்லை என்பது பற்றியது.

வெளியாட்களே தொடரில் வரவில்லை என்பதும் இல்லை. 1999-லேயே ஒரு எபிசோடில் ஊர் ஊராக வண்டியில் அலைகிற நாடோடி மக்கள் வருகிறார்கள். ஊர் பதறுகிறது, அடித்துத் துரத்தப் பார்க்கிறது. சந்தேகப்படுவதற்கு வெளியாள் வேண்டும். குடியிருக்க வேண்டாம்.

'சுத்தமான ஆங்கிலக் கிராமம்' என்ற ஒன்று எப்போதாவது இருந்ததா என்ற கேள்வியும் இருக்கிறது. ஒவ்வொரு எபிசோடிலும் திருவிழாக் கூடாரத்தில் ஊற்றுகிறார்களே டீ, அந்த இலை எங்கிருந்து போனது? அந்த மாளிகைகள் யார் பணத்தில் எழும்பின? பெர்க்‌ஷயரில் பாசில்டன் பார்க் என்றொரு பிரமாண்ட மாளிகை, வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சம்பாதித்துத் திரும்பிய பிரான்சிஸ் சைக்ஸ் என்பவருக்காகக் கட்டப்பட்டது. (புது பார்னபி வீட்டு நாய்க்கும் சைக்ஸ் என்றுதான் பெயர். தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.) 2020-ல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு, தன் பராமரிப்பில் உள்ள இடங்களில் 93-க்கு காலனி ஆட்சியோடோ அடிமை வியாபாரத்தோடோ தொடர்பு உண்டு என்று ஒரு அறிக்கையே வெளியிட்டது. அதற்கும் பெரிய சண்டை நடந்தது.

இதைவிட எனக்குப் பிடித்த ஆதாரம் ஒன்று இருக்கிறது. வாலிங்ஃபோர்டிலிருந்து சில மைல் தூரத்தில் ஸ்டோக் ரோ என்று ஒரு கிராமம். மிட்சமர் கதைக்கு அப்படியே பொருந்துகிற மாதிரி ஊர். ஊர் நடுவில் ஒரு கிணறு. 368 அடி ஆழம். அதற்கு மேலே, வாரணாசியில் பார்க்கிற மாதிரி, பளபளக்கும் வட்டக் கூரை ஒன்று தூண்களின் மேல் நிற்கிறது. 1864-ல் திறக்கப்பட்ட அந்தக் கிணற்றை வெட்டப் பணம் கொடுத்தவர் காசி மகாராஜா. அந்தப் பகுதியைச் சேர்ந்த எட்வர்ட் ரீட் என்ற அதிகாரி இந்தியாவில் வேலை பார்த்தபோது, தன் ஊர்ப்பக்கம் தண்ணீருக்கு எவ்வளவு கஷ்டம் என்று மகாராஜாவிடம் பேசியிருக்கிறார். வீட்டிலிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்ததற்காக ஒரு சிறுவன் அடிவாங்கிய கதையையும் சொல்லியிருக்கிறார். மகாராஜா அதை மறக்கவில்லை. அந்த ஊர் பல தலைமுறைகளுக்குக் காசியின் பணத்தில் வெட்டிய கிணற்றில்தான் தண்ணீர் இறைத்தது.

அந்தக் கிணறு அங்கே நிற்கும்போது, ஸ்டோக் ரோ ஆங்கிலக் கிராமமாக இல்லாமல் போய்விட்டதா என்ன?

டாக்டர் கரிமோர் வந்தார்

ட்ரூ-மே விலகிய பிறகு, தெருவில் நடப்பவர், கடைக்காரர், சாட்சி, சந்தேக நபர் என்று வேறு நிற முகங்கள் மெதுவாக வர ஆரம்பித்தன. ஆரம்பத்தில் கொஞ்சம் கூச்சத்தோடுதான். 'பாருங்க, நாங்களும் வெச்சிருக்கோம்' என்கிற மாதிரி.

2016-ல்தான் நிலையான டீமுக்குள்ளேயே ஒருவர் வந்தார். பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர் கம் கரிமோர். நடித்தவர் கவென்ட்ரியில் பிறந்த பஞ்சாபிக் குடும்பத்துப் பெண், மன்ஜிந்தர் விர்க். அந்தப் பாத்திரத்தை எழுதிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. அவருக்குக் கட்டாயக் கல்யாணக் கதை கிடையாது, கண்டிப்பான அப்பா கிடையாது, சமையலறையில் மசாலா வாசனை கிடையாது. பிரிட்டிஷ் டி.வி-யில் தெற்காசியப் பெண் என்றால் வழக்கமாகத் தலையில் கட்டுகிற மூட்டை எதுவுமே இல்லை. கம் கிண்டல் அடிப்பார், சார்ஜென்ட்டை ஓட்டுவார், பிணத்தின் பக்கத்தில் குனிந்து, எத்தனை மணிக்குச் செத்தார் என்பார். கிராமம் கிராமமாகவே இருந்தது. கூரை வீடு இடியவில்லை, ரோஜா வாடவில்லை.

இரண்டு சீசன்தான் இருந்தார் என்பது வருத்தம். நூறாவது எபிசோடையெல்லாம் தாண்டிப் போய்த்தான் இப்படி ஒருவர் ரெகுலர் டீமில் வர முடிந்தது என்பதையும் மறக்கத் தேவையில்லை. தொடர் மொத்தமாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றும் அது விற்பது அதே போஸ்ட்கார்டு அழகைத்தான். வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவதும் அதைத்தான். நானும் அதற்காகத்தான் பார்க்கிறேன், பொய் சொல்வானேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, தூக்கம் வராமல் போனை நோண்டுகிற நேரத்தில், தெரமின் முனக, பச்சைப் புல்வெளியில் ஒரு பாட்டி சைக்கிளில் போவதைப் பார்த்தால் மனசு லேசாகும். அந்தப் பாட்டி இன்னும் பத்து நிமிஷம்தான் உயிரோடு இருப்பார் என்று தெரிந்தாலும்.

நீங்கள் பார்ப்பதாக இருந்தால் பேட்ஜர்ஸ் ட்ரிஃப்டிலிருந்தே ஆரம்பியுங்கள். அதில் ஜன்னலில் பைனாகுலரோடு உட்கார்ந்து ஊரையே வேவு பார்க்கும் ஒரு அம்மாவும், இறுதிச் சடங்குக் கடை நடத்தும் அவர் மகனும் வருவார்கள். முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 2006-ல் வந்த 'டெட் லெட்டர்ஸ்' எபிசோடுக்கு வாருங்கள். அதே இரண்டு பேரும் வேறு பெயரில் கதவைத் திறப்பார்கள். அந்த நிமிஷம் பார்னபியின் முகத்தைப் பாருங்கள்.